டாக்ஸியை நிற்கச் சொன்னவர்

1943ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதி. 107ஆம் தெருவில் ஒரு டாக்ஸி வந்து நிற்கிறது. பின்சீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர். ஊர் ஊராகக் கச்சேரி செய்துவிட்டுத் திரும்புகிறார். அவர் வெளியூரில் இருந்தபோது மனைவி ஒரு வீட்டை வாங்கிவிட்டார். அவரைக் கேட்கவில்லை. வாங்கி முடித்த பிறகு முகவரியைச் சொன்னதோடு சரி.

வீட்டைப் பார்த்தவர், டிரைவர் தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தார். இவ்வளவு நல்ல வீடு தன்னுடையதாக இருக்காதே! முகவரியை மறுபடி சொன்னார். அதே வீடுதான். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்ஸியை அனுப்பாமல் நிற்கச் சொல்லிவிட்டுப் படியேறி மணியை அடித்தார். மெல்லிய பட்டு இரவு உடையும் தலைமுடியில் சுருட்டிய கர்லருமாக மனைவி லூசில் வந்து கதவைத் திறந்தார்.

பின்னாளில் இதையெல்லாம் தன் கைப்பட எழுதி வைத்தார் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் டிரம்பெட் வாசித்த விதத்தில்தான் ஜாஸ் என்பது கூட்டு வாசிப்பிலிருந்து தனி ஆவர்த்தனக் கலையாக மாறியது என்று இசை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அந்த வரலாற்றில் இந்த டாக்ஸிக்கு இடமில்லை. எனக்கு என்னவோ அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த டாக்ஸிதான் நல்ல வாசல் என்று தோன்றுகிறது. வீடு பிடிக்காவிட்டால் அதே வண்டியில் ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர், அதன்பின் 28 ஆண்டுகள், சாகும்வரை, வேறு வீட்டுக்குக் குடிபோகவே இல்லை.

நம்மூர் நாதஸ்வரக்காரர்களும் நாடகக் கம்பெனிக்காரர்களும் புழங்கிய ஒரு சொல் உண்டு: ஜாகை. கச்சேரிக்குப் போன ஊரில் தங்கக் கொடுக்கும் இடம். நல்ல ஜாகை, சுமாரான ஜாகை, மூட்டைப்பூச்சி ஜாகை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை அப்படிப்பட்ட ஜாகைகளின் வரிசையாகத்தான் நகர்ந்தது. 1901ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று நியூ ஆர்லியன்ஸின் மிக ஏழ்மையான ஒரு சந்தில் பிறந்தார். பதினோரு வயதில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகக் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். கார்னெட் வாசிப்பை முறையாகப் படித்தது அங்கேதான். 1922இல் அவருடைய குருநாதர் கிங் ஆலிவர் தந்தி அடித்து சிகாகோவுக்கு அழைத்தபோது, அம்மா கட்டிக்கொடுத்த மீன் சாண்ட்விச்சோடு ரயிலேறினார். ஆகஸ்ட் வெயிலில் உள்ளே நீளமான கம்பளி உள்ளாடை வேறு. சிகாகோ குளிருமே என்று அம்மாவின் கவலை.

அதற்குப் பிறகு பயணம்தான். ஆண்டுக்கு முந்நூறு நாள் வரை கச்சேரி. கறுப்பினக் கலைஞருக்கு அந்தப் பயணம் என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் கைதட்டுகிற ஊர், மேடையை விட்டு இறங்கினால் சாப்பாடு போடாது. அறை கொடுக்காது. கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்வதற்காகவே ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ‘கிரீன் புக்’ என்ற கையேட்டை வெளியிட வேண்டியிருந்தது. 1931இல் மெம்ஃபிஸ் நகரில், மேனேஜரின் வெள்ளைக்கார மனைவி பேருந்தில் ஒரு கறுப்பினக் கலைஞருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக ஆம்ஸ்ட்ராங்கின் மொத்தக் குழுவையும் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. வெளியே வந்து அதே ஊரில் வாசித்தபோது, ‘நீ செத்தால் எனக்குச் சந்தோஷம்’ என்ற பொருளில் தொடங்கும் ஒரு குறும்புப் பாட்டை மெம்ஃபிஸ் போலீஸாருக்கே சமர்ப்பித்தார். போலீஸார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள் என்பது கதையின் உபரி.

ஊர்தோறும் இப்படி வாழ்ந்தவருக்குச் சொந்த வீடு என்பது ஓர் ஆசையாகக்கூட இருக்கவில்லை. ஹோட்டல் இருக்கிறதே, வீடு எதற்கு என்பதுதான் அவர் கட்சி. லூசிலுக்கு முன் மூன்று திருமணங்கள். மூன்றும் நிலைக்கவில்லை.

லூசில் வில்சன் ஹார்லெமின் புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் நடனமாடியவர். அங்கே ஆடும் பெண்கள் வெளிர் நிறமாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கருத்த நிறமுள்ள லூசில் அந்தச் சட்டத்தை உடைத்து உள்ளே வந்தவர். வருமானம் போதாமல் மேடைக்குப் பின்னால் சக கலைஞர்களிடம் பிஸ்கட் பெட்டிகளும் விற்றார். அத்தனை பெட்டியையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருநாள் ஆம்ஸ்ட்ராங் சொன்னாராம். காதலைத் தொடங்க மோசமான வழி என்று சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் கேட்ட முக்கியமான கேள்வி, ராஜ்மா போன்ற சிவப்பு பீன்ஸைச் சோற்றோடு சேர்த்துச் சமைக்கும் நியூ ஆர்லியன்ஸ் சாப்பாடு செய்யத் தெரியுமா என்பது. லூசிலுக்குத் தெரியாது. கற்றுக்கொண்டார். 1942 அக்டோபரில் திருமணம் நடந்தது. ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை முடிக்கும்போது ‘இப்படிக்கு உண்மையுள்ள’ என்பதற்குப் பதிலாக அந்த பீன்ஸையும் சோற்றையும் வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

திருமணமான அந்த ஆண்டு கிறிஸ்துமஸும் சுற்றுப்பயணத்தில்தான் வந்தது. லூசில் ஒரு சின்னக் கிறிஸ்துமஸ் மரம் வாங்கி ஹோட்டல் அறையில் வைத்து விளக்கு போட்டார். இரவு கச்சேரி முடிந்து வந்த கணவர் மரத்தைப் பார்த்தார். படுக்கையில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கை அணைக்க விடவில்லை. தன் வாழ்நாளில் தனக்கென்று வைக்கப்பட்ட முதல் மரம் இது என்றார். அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது மரமும் கூடவே வர வேண்டும் என்று பிடிவாதம். ஒவ்வொரு ஊரிலும் அவர் மேடையிலிருந்து வருவதற்குள் லூசில் மரத்தை மறுபடி நிறுத்தி, விளக்கை ஏற்றி வைப்பார். புத்தாண்டு கழிந்து வெகுநாள் வரை அது ஊர் ஊராகப் போனது.

லூசில் இந்தக் கதையைப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். ஆனால், முடிவெடுத்தது அந்த மரத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். ஹோட்டல் போதும் என்று சொல்லும் ஒரு மனிதர் மரத்தை மடக்கித் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்றால், அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சில மாதங்களில் வீடு வாங்கியாகிவிட்டது.

வீடு இருக்கும் பகுதியின் பெயர் கொரோனா. அந்தப் பெயரைக் கேட்டாலே நமக்கு இப்போது வேறு நினைப்புதான் வரும். 2020இல் நியூயார்க்கில் அந்த நோய் மிக மோசமாகத் தாக்கிய இடங்களில் இந்தக் கொரோனாவும் ஒன்று என்பது காலத்தின் விபரீதக் கிண்டல். லூசில் சிறுவயதில் வளர்ந்த பகுதி அது. நியூயார்க்கில் இருக்கும் நம்மவர்கள் பலர் இந்த இடத்தைத் தெரியாமலே கடந்திருப்பார்கள். ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கும், அதன் கேன்டீன் தோசைக்கும் போக ஏறுகிற அதே 7ஆம் எண் ரயில் பாதையில், கடைசி நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னால் 103ஆம் தெரு. இறங்கிச் சில தெருக்கள் நடந்தால் ஆம்ஸ்ட்ராங் வீடு. மேம்பாலத்தில் ரயில் தடதடக்கும் கீழே இன்று ஸ்பானிய மொழிதான் கேட்கிறது. ஈக்வடார், மெக்சிகோ, டொமினிக்கக் குடும்பங்கள். 1943இல் இத்தாலியர்களும் ஐரிஷ்காரர்களும் கறுப்பினத்தவரும் கலந்திருந்த, உழைப்பாளிகளின் பேட்டை.

புகழ்பெற்ற மனிதரின் மாளிகையைப் பார்க்கப் போகிறோம் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. 1910இல் கட்டிய, இரண்டு மாடிச் சாதாரண வீடு. பக்கத்து வீடுகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் கதை மாறுகிறது. லூசிலின் கைவண்ணம். சமையலறை முழுக்க மயில்நீலம்: அலமாரி, அடுப்பு, எல்லாமே. ‘ஆம்ஸ்ட்ராங் தம்பதிக்காகவே செய்யப்பட்டது’ என்று பெயர் பொறித்த அடுப்பு. மேடைக்குள்ளேயே பதித்த மிக்ஸி. கீழ்த்தளக் குளியலறையில் சுவரெல்லாம் கண்ணாடி, தங்க முலாம் பூசிய குழாய்கள். படுக்கையறையில் வெள்ளியாக மின்னும் சுவர்த்தாள். ரசனைக்காரர்கள் மூக்கைச் சுளிக்கலாம். நியூ ஆர்லியன்ஸ் சந்தில் அம்மாவோடும் தங்கையோடும் இடுக்கில் வளர்ந்தவருக்கு, தங்கக் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துச் சிரிக்க முழு உரிமை உண்டு.

அந்த வீட்டில் லூசிலின் சட்டம் செல்லாத இடம் ஒன்றே ஒன்று. மாடியில் ஆம்ஸ்ட்ராங்கின் சின்ன அறை.

1950 டிசம்பரில் ஆம்ஸ்ட்ராங் டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினார். அதன்பின் அது ஒரு பழக்கமாகி, பழக்கம் பைத்தியமாகி, அவர் விட்டுச்சென்ற ஸ்பூல்கள் 650க்கும் மேல். தன் இசைத்தட்டுகளைப் பதிந்தார், பிறருடையதையும் பதிந்தார். அது ஒரு பக்கம். மீதியில்தான் சுவாரசியம். வந்த விருந்தாளிகளின் பேச்சு, கெட்ட வார்த்தை கலந்த நகைச்சுவைகள், சாப்பாட்டு மேசைச் சத்தம், டிரம்பெட் சாதகம், நாய் குரைப்பது. தம்பதியின் சண்டைகூட உண்டு. டேப் ஓடுகிறது என்று தெரிந்து லூசில் ஆட்சேபிப்பதும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. டேப் பெட்டிகளின் மேல் பத்திரிகைப் படங்களையும் புகைப்படங்களையும் வெட்டி ஒட்டி, செலோடேப்பால் மூடி, விதவிதமாக அலங்கரித்தார். அப்படிச் சுமார் 500 பெட்டிகள். ஒட்டுவேலை பெட்டியைத் தாண்டி அறைச் சுவருக்கும் பரவியபோது மட்டும் லூசில் தலையிட்டார்.

வெளியூர் போகும்போது பெரிய டிரங்குப் பெட்டியில் ரெக்கார்டர்களையும் எடுத்துப் போனார். ஹோட்டல் அறைகளிலும் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் இது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, கிறிஸ்துமஸ் மரம்தான் உருமாறி வந்திருக்கிறது என்று படுகிறது. வீட்டின் சத்தத்தைப் பெட்டியில் அடைத்து எந்த ஊருக்கும் கொண்டுபோய் அங்கே திறக்கலாம். இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அந்த வீட்டில், வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் அறைக்குள் அந்தக் கரகரத்த குரல் பேசுகிறது. தான் இல்லாதபோதும் வீட்டுக்குள் தன் குரல் இருக்கும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அந்த அறையில் அவருடைய உருவப்படம் ஒன்றும் மாட்டியிருக்கிறது. ஓவியர் பெனடெட்டோ என்று கையெழுத்திட்டிருப்பார். பாடகர் டோனி பென்னட்டின் இயற்பெயர் அது.

வீட்டைப் பழகியது ஒருபுறம் இருக்கட்டும். தெருவைப் பழகியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குழுவின் பேருந்து தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஒருவன் பெட்டியைத் தூக்குவான், ஒருவன் டிரம்பெட்டைத் தூக்குவான். எல்லோரும் வீட்டுக்குள் வந்து அவரோடு உட்கார்ந்து டிவியில் கௌபாய் படம் பார்ப்பார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். அவருக்கும் லூசிலுக்கும் பிள்ளைகள் இல்லை. வாசற்படியில் அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு சிறுவன் டிரம்பெட்டை ஊதிப் பார்க்கும் 1970ஆம் ஆண்டுப் புகைப்படங்களைப் பலரும் பார்த்திருக்கலாம். அருகிலிருந்த சலூனில்தான் முடிவெட்டிக்கொண்டார். கடைசிக் காலத்தில் தன் தெருவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதில் உலகச் சுற்றுப்பயணமோ ராஜா ராணிகளோ இல்லை. பக்கத்து வீடுகளும், தான் பார்க்க வளர்ந்த மூன்று தலைமுறைப் பிள்ளைகளும், அருகே ஜாக்சன் ஹைட்ஸில் இருந்த ஒரு சீன உணவகமும், வீட்டு ஷ்னாஸர் நாய்களும்தான் இருக்கின்றன. நாய்களில் ஒன்றின் பெயர் டிரம்பெட்.

வசதி வந்த பிறகு வேறு பெரிய வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு வராமல் இல்லை. ஜாஸ் நட்சத்திரங்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். குவீன்ஸிலேயே அடிஸ்லி பார்க் என்ற வசதியான பகுதியில் கவுன்ட் பேஸியும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் வீடு வாங்கியிருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் நகர மறுத்தார். பக்கத்து மனையை வாங்கித் தோட்டம் போட்டார், அவ்வளவுதான். வீட்டு முகப்புக்குச் செங்கல் பதித்தபோது, தன் வீடு மட்டும் தெருவில் தனித்துத் தெரிவது சங்கடமாக இருந்ததாம்; அக்கம்பக்கத்தாரிடம் போய், உங்கள் வீட்டுக்கும் என் செலவில் பதித்துத் தரட்டுமா என்று கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பிடிப்புக்கு இன்னொரு காரணம் உண்டு. பிறந்த ஊர் அவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. 1949இல் நியூ ஆர்லியன்ஸ் மார்டி கிரா திருவிழாவில் ஜூலு ராஜாவாக வேடமிட்டு ஊர்வலம் வந்தவர் அவர். அவருடைய ஆல் ஸ்டார்ஸ் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். 1956இல் லூசியானா மாநிலம் இரு இனத்தவரும் ஒரே மேடை ஏறக் கூடாது என்று சட்டம் போட்டது. குழுவைப் பிரித்துக்கொண்டு சொந்த ஊருக்கு வர முடியாது என்று அவர் வருவதையே நிறுத்தினார். மறுபடி அங்கே வாசித்தது 1965இல். உலகமெங்கும் நியூ ஆர்லியன்ஸின் முகமாக இருந்தவர், ஒன்பது ஆண்டுகள் அந்த ஊரில் வாசிக்க முடியாதவராக இருந்தார்.

எப்போதும் சிரிக்கிறார், வெள்ளைக்காரர்களுக்குப் பல்லிளிக்கிறார் என்று இளைய கலைஞர்கள் அவரை ஏளனம் செய்த காலம் அது. 1957இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் மாநில ஆளுநர் படையை நிறுத்தியபோது, ஒரு சிற்றூரில் தன்னைப் பார்க்க வந்த இளம் நிருபரிடம் ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் இவர்தான். அரசு சார்பில் சோவியத் ரஷ்யாவுக்குப் போகவிருந்த பயணத்தையும் வேண்டாம் என்றார். ஏளனம் செய்தவர்களில் பலர் அப்போது வாயைத் திறக்கவில்லை.

1964இல், அறுபத்திரண்டு வயதில், அவருடைய ‘ஹலோ டாலி’ பீட்டில்ஸை இறக்கிவிட்டு அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது. 1967இல் ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பதிவானது. அமெரிக்காவில் முதலில் விற்கவே இல்லை. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. வியட்நாம் போரும் இனக் கலவரமும் எரிகிற நேரத்தில் உலகம் அழகானது என்று பாடுகிறாரே என்று சலித்தவர்கள் உண்டு. அந்தப் பாட்டைப் பாடும்போது தனக்குக் கொரோனா தெருதான் நினைவுக்கு வருகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது தெருப் பாட்டு. அந்தக் காதோடு கேட்டால் சலிப்பு வருவதில்லை.

1968 முதல் உடம்பு படுத்தத் தொடங்கியது. ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி. டிரம்பெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர்கள் சொன்ன மாதங்களும் உண்டு. வாழ்க்கையில் முதன்முறையாக வீட்டிலேயே தொடர்ந்து இருக்க நேர்ந்தது அப்போதுதான். பழைய டேப்புகளை எடுத்து மறுபடி பட்டியலிட்டார், எழுதினார், ஒட்டினார். 1971 மார்ச்சில், டாக்டர்கள் தடுத்தும் கேளாமல், மன்ஹாட்டனின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இரண்டு வாரம் வாசித்தார். கடைசிக் கச்சேரிகள். முடிந்ததும் மாரடைப்பு.

அந்தக் கச்சேரிகளுக்குச் சில நாள் முன்னால், பிப்ரவரி 26 அன்று, அவர் மாடி அறையில் உட்கார்ந்து தன் ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு கவிதை வாசித்தார். பாட்டு கிடையாது, டிரம்பெட் கிடையாது. வெறும் குரல். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் சாண்டா கிளாஸ் வருவதைப் பற்றி கிளெமென்ட் மூர் எழுதிய, அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த பழைய கவிதை. விற்பனைக்காக அவர் பதிந்த கடைசிப் பதிவு அதுதான். டிசம்பர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால், இந்த மனிதருக்குக் கிறிஸ்துமஸ் மரம் புத்தாண்டு தாண்டியும் நிற்கும் என்பது நமக்குத் தெரியும்.

1971 ஜூலை 6 அன்று அதிகாலை, அந்த வீட்டிலேயே, உறக்கத்திலேயே இறந்தார். மன்ஹாட்டனில் அஞ்சலிக்கு வைத்தபோது சுமார் 25,000 பேர் வரிசையில் வந்தார்கள். இறுதிச் சடங்கு கொரோனாவில், உள்ளூர்த் தேவாலயத்தில். அடக்கம் ஃபிளஷிங் கல்லறைத் தோட்டத்தில். பித்தளை வாத்தியங்களோடு ஆடிப் பாடி வழியனுப்பும் நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலம் அவருக்கு நடக்கவில்லை. பிறந்த ஊர் தனியாக ஒரு நினைவுக் கூட்டம் நடத்திக்கொண்டது.

லூசில் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். 1976இல் அந்த வீடு தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1983இல் அவர் இறந்தபோது வீட்டை நியூயார்க் நகரத்துக்கு எழுதி வைத்திருந்தார். 2003 அக்டோபரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2023இல் தெருவின் எதிர்ப்பக்கத்தில் புதிய கட்டடம் ஒன்று எழுந்தது. அந்த 650 ஸ்பூல்களும் ஒட்டுவேலைப் பெட்டிகளும் இப்போது அங்கே இருக்கின்றன. கூடவே 75 பேர் உட்கார்ந்து கேட்கும் சின்னக் கச்சேரி அரங்கும்.

ஆம்ஸ்ட்ராங் வீட்டில் இன்றும் முன்பதிவு செய்தவர்களைச் சிறு கூட்டமாகத்தான் உள்ளே அழைத்துப்போகிறார்கள். படியேறி வாசலில் நிற்க வேண்டும். உள்ளிருந்து யாராவது வந்து கதவைத் திறப்பார்கள்.